பதினொரு ஓட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் இருந்தது. வார்டு முழுக்க அவளுக்கு ஊசியக்கா என்றுதான் பெயர்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. காலை ஆறு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றோடு ஒரு கூட்டம் வந்து பெஞ்சில் காத்திருக்கும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, இரண்டு விரலால் தட்டி நரம்பைத் தேடுவாள். ஊசியை ஏற்றுகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்பாள். "பொண்ணு என்ன படிக்குது?" என்பாள். அவர்கள் யோசித்து வாயைத் திறப்பதற்குள் குப்பியில் ரத்தம் நிறைந்திருக்கும். "முடிஞ்சது, கையை மடக்குங்க" என்று பஞ்சை வைத்து அழுத்திவிடுவாள். அவள் கை குத்தினால் வலிக்காது என்று பெயர். வேறு யாராவது ஊசியோடு வந்தால், "அந்த அக்கா இல்லையா?" என்று பெரிய ஆம்பிளைகளே கையை இழுத்துக்கொள்வார்கள்.

தேர்தல், கட்சி, கவுன்சிலர் இதெல்லாம் அவளுக்கு எட்டாத விஷயம் இல்லை, வேண்டாத விஷயம். ஓட்டுப் போடும் நாளன்று காலையில் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இந்தத் தடவை யாருக்கு என்று சொல்வார். அவர் ஒரு லாரி சர்வீஸில் புக்கிங் கிளார்க். நாலு பேர் வந்து போகிற இடம், உலகம் தெரிந்தவர் என்று அவளுக்கு நினைப்பு. அவர் சொன்னதற்குப் போட்டுவிட்டு வந்து துணி துவைக்க உட்கார்ந்துவிடுவாள்.

நாற்பத்து நாலு வயதில் ஒரு நாள், புதிதாக வந்த மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத் தன் ரத்தத்தையே எடுத்து வைத்தாள். சர்க்கரை இருநூற்று அறுபத்து நாலு என்று காட்டியது. மெஷின்தான் கோளாறு என்று நினைத்துப் பழைய மெஷினிலும் வைத்துப் பார்த்தாள். அது இருநூற்று எழுபது என்றது. கூடத்து டாக்டர் சிரித்துவிட்டு, "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்களும் கொஞ்சம் நடங்கம்மா" என்றார்.

அப்படித்தான் அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மைதானத்துக்குப் போனாள். சாயங்காலம் ஐந்து மணி. ஒரு பக்கம் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தனியாக நடக்க வெட்கமாக இருந்தது. காலில் மகளுடைய பழைய ஷூ, அதுவும் ஒரு அளவு பெரியது. அரை சுற்று போனதும் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா, அந்த ஷூவுக்குள்ள ஒரு துணி வச்சுக்கோ. இல்லன்னா குதிகால் பிஞ்சு போயிடும்."

தையற்காரி. பேருந்து நிறுத்தத்துச் சுவரை ஒட்டி ஒரு தகரப் பெட்டிக் கடை வைத்திருந்தாள். கிழிந்த ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது, துணிப் பைக்குக் காது தைப்பது எல்லாம் செய்வாள். புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். ஒரே மகன் தொலைவில் எங்கோ ஏ.சி. மெக்கானிக். நாளெல்லாம் குனிந்தே இருந்து முதுகு வலி கண்டு அவளும் நடக்க வந்தவள். அன்று இருவரும் ஐந்து சுற்று நடந்தார்கள். ஐந்தாவது சுற்றில் ஊசியக்கா தன் மாமியாரைப் பற்றி, பத்து வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடக்கும்போது அப்படித்தான். எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, பக்கத்தில் நடக்கும்போது வந்துவிடுகிறது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லையே.

இரண்டு பேர் நாலு பேரானார்கள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் வந்தாள். பேக்கரிக்காரம்மா வந்தாள், பன் வாசனையும் கூடவே வந்தது. மருமகளுக்குப் பயந்து வந்தவர்கள், டி.வி. சத்தத்துக்குப் பயந்து வந்தவர்கள், மூட்டு வலிக்காக வந்து வாய் வலிக்கப் பேசிவிட்டுப் போனவர்கள் என்று இரண்டு வருடத்தில் அவளையும் சேர்த்து இருபத்து நாலு பேர். எல்லாரும் மைதானத்தைச் சுற்றியிருந்த நாலு தெருக்காரர்கள். மூன்று மூன்று பேராக வரிசை கட்டி நடப்பார்கள். பந்து விளையாடும் பையன்கள், "ரயில் வருது, ஒதுங்குடா" என்பார்கள்.

டீச்சர் ஒரு சட்டம் போட்டாள். "கட்சிப் பேச்சு மட்டும் வேண்டாம். ஆளுக்கு ஒரு கட்சி வீட்டுல இருக்கு. பேச ஆரம்பிச்சா ரயில் தடம் புரண்டுடும்."

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கட்சி வராத இடத்தில் விளக்குக் கம்பம் வந்தது. மைதானத்தின் வடக்கு மூலையில் இருந்த விளக்கு அணைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் பேக்கரிக்காரம்மா பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்கால் வீங்கிப்போனாள். மறுநாள் பதினோரு பேர், நடக்கிற ஷூவோடும் வியர்வையோடும் அப்படியே வார்டு அலுவலகத்துக்குப் போய் நின்றார்கள். அங்கே இருந்த எழுத்தர் பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டான். நாலாம் நாள் விளக்கு எரிந்தது.

ஊசியக்காவுக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில். ஒரு விளக்குதான். ஆனால் அவள் வாழ்க்கையில், அவள் கேட்டு அரசாங்கம் செய்த முதல் காரியம் அது.

அப்புறம் பூட்டியே கிடந்த பெண்கள் கழிவறை. அப்புறம் வேலி. மனு எழுதுவது எப்படி, எந்த மேசையில் கொடுப்பது, ரசீது எண் வாங்காமல் திரும்பக் கூடாது என்பதெல்லாம் நடந்து நடந்தே கற்றுக்கொண்டாள். அடுத்து வந்த பெரிய தேர்தலில் வீட்டுக்காரர் பொத்தான் போட்டுக்கொண்டே ஒரு பேரைச் சொன்னபோது, "ஏன் அவருக்கு?" என்று கேட்டாள். வீட்டுக்காரர் பாதிப் பொத்தானில் நின்றுவிட்டார். இருபத்தோரு வருடத்தில் அவள் கேட்ட முதல் ஏன். அவள் தன் இஷ்டத்துக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

அந்த வருடக் கடைசியில் மைதானத்துக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். மேற்குப் பாதியை எடுத்து அடுக்கு வாகன நிறுத்தமும் கடைகளும் கட்டப்போகிறார்கள். ஆட்சேபம் இருந்தால் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம்.

கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில். மேடையில் கவுன்சிலர். மூன்று தடவையாக அவர்தான் கவுன்சிலர். யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கிற மனிதர், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். டீச்சர் எழுதிக் கொண்டு வந்த காகிதத்தைப் படிக்க எழுந்தாள், ஆனால் நாக்கு ஒட்டிக்கொண்டது. காகிதத்தை ஊசியக்கா கையில் திணித்தாள். ஊசியக்கா அதைப் படிக்கவில்லை.

"இந்த மண்டபத்துல இருக்கிற பாதிப்பேர் ரத்தத்தை நான் எடுத்திருக்கேன்" என்றாள். "யாருக்கு எவ்வளவு சர்க்கரைன்னு இங்க சொல்ல மாட்டேன். ஆனா பத்து வருஷம் முன்னால ஒரு நாளைக்கு ஆறு பேர் வந்த இடத்துக்கு இப்ப நாற்பது பேர் வர்றாங்க. டாக்டர் எல்லாருக்கும் நடங்கன்னு எழுதிக் கொடுக்கறாரு. எங்க நடக்கறதுன்னு நீங்க எழுதிக் கொடுங்க."

மண்டபம் கைதட்டியது. கவுன்சிலர் சிரித்தபடியே, "நடக்கணும்னா ரோட்டுல நடங்கம்மா, ரோடு நான்தானே போட்டுக் கொடுத்தேன்" என்றார். அந்தச் சிரிப்புக்கு யாரும் கூடச் சிரிக்கவில்லை. வேலை தள்ளி வைக்கப்பட்டது. ரத்து என்று சொல்லவில்லை, தள்ளி வைப்பு.

நாலு மாதத்தில் வார்டு தேர்தல் வந்தது.

அவளை நிற்கச் சொன்னது பேக்கரிக்காரம்மா. ஏழாவது சுற்றில், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "மைதானம் வேணும்னா நம்மள்ல ஒருத்தி உள்ள போகணும். ஊசியக்கா நிக்கட்டும். இவகிட்ட கையை நீட்டாத ஆள் இந்த வார்டுல உண்டா?"

ரயில் நின்றுவிட்டது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். டீச்சர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். "நாம இருபத்து நாலு வீடு. வீட்டுக்கு மூணு ஓட்டு. ஓட்டுக்கு இருபது பேரைக் கூட்டிட்டு வந்தா, அதுவே கவுன்சிலரோட ஓட்டுல பாதி. மீதியை அவர் மேல இருக்கிற கோபம் பார்த்துக்கும்."

"எனக்குப் பேசவே தெரியாதே" என்றாள் ஊசியக்கா.

"பேசாதே. கையைப் பிடி, போதும்" என்றாள் தையற்காரி. "நாங்க இருக்கோம்."

அந்த இரண்டு சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். "உடம்பைக் குறைக்கப் போனவ ஊரைத் திருத்தக் கிளம்பிட்டா" என்று சுவரிடம் சொன்னார். பத்தொன்பது வயது மகள்தான், முதல் ஓட்டுப் போடப் போகிறவள், "அம்மா, நீ நில்லு" என்று வேட்புமனுவை நிரப்பிக் கொடுத்தாள். கூடத்து டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "உங்களை நான் தடுக்கல. ஆனா தேர்தல் முடியற வரைக்கும் லீவு எடுத்துக்கோங்க. நமக்கு எல்லாக் கட்சி ரத்தமும் வேணும்" என்றார்.

சின்னம் ஒதுக்கினார்கள். கத்தரிக்கோல்.

"ஊசிக்குக் கத்தரிக்கோலா? என் கடையையே உனக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க போல" என்று தையற்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிச்சத் துணியில் இருநூறு சின்னச் சின்னக் கத்தரிக்கோல்களை வெட்டி, குண்டூசியோடு எல்லாருக்கும் குத்திவிட்டாள்.

பிரசாரம் என்று தனியாக ஒன்றும் இல்லை. சாயங்காலம் மைதானத்தில் நடப்பவர்கள் கதவைத் தாண்டித் தெருவில் நடந்தார்கள், அவ்வளவுதான். நோட்டீஸைக் கையில் கொடுத்து, கையைப் பிடித்து, "நான்தான் ஊசி போடறவ" என்பாள். ஜனங்கள் முகம் மலர்ந்தது. "உங்க கை குத்தினா வலிக்கவே வலிக்காதுக்கா, எங்க ஓட்டு உங்களுக்குத்தான்" என்றார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். சில வீடுகளில் ரிப்போர்ட்டை எடுத்து வந்து, "இது சரியா இருக்கான்னு பாருங்க" என்று கொடுத்தார்கள். அவள் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்ந்தாள். அந்தப் பதினெட்டு நாள் போல அவள் வாழ்க்கையில் வேறு நாள் இல்லை. தன் கால் தன்னை எங்கோ தூக்கிக்கொண்டு போகிறது என்று நம்பினாள்.

கடைசி வாரத்தில் ரயிலில் பெட்டிகள் குறைந்தன. பேக்கரிக்காரம்மாவுக்கு முட்டி வலி. ஒருத்திக்கு விருந்தாளி. ஒருத்தி வந்தாள், ஆனால் துணிக் கத்தரிக்கோலைக் குத்திக்கொள்ள மறந்துவிட்டாள். டீச்சர் தெருமுனை வரைக்கும் வருவாள், தன் மச்சான் வீடு இருக்கும் தெருவுக்குள் வரமாட்டாள். தையற்காரி மட்டும் ஒரு நாள் விடாமல் கூடவே வந்தாள். ஊசியக்கா எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டுப் போடுவதற்கு முட்டி எதற்கு?

எண்ணிக்கை நாளன்று பத்து மணிக்கே எல்லாம் முடிந்துவிட்டது. கவுன்சிலருக்கு இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். அவளுக்கு நூற்றிப் பதினாறு.

தோற்றது பெரிய அடியாக விழவில்லை. தோற்கலாம் என்று அவளுக்கும் தெரியும். வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்த தாளை மகள் கொண்டு வந்து கையில் கொடுத்தாள், அதுதான் விழுந்தது. மைதானத்தைச் சுற்றிய நாலு தெருவுக்கும் ஒரே சாவடி. நடக்கிற இருபத்து நாலு பேரும், அவர்கள் வீட்டு ஆட்களும் ஓட்டுப் போட்ட சாவடி. அதில் கத்தரிக்கோலுக்கு விழுந்தது பதினொன்று.

அவள் ஒன்று. மகள் ஒன்று. மீதி ஒன்பது. கூட நடந்தவர்கள் இருபத்து மூன்று பேர். கணக்கு டீச்சர் தேவையில்லை. குறைந்தது பதினாலு பேர் போடவில்லை. வீட்டுக்காரர் போட்டிருந்தால் பதினைந்து.

"நான் போட்டேன்" என்றார் வீட்டுக்காரர், அவள் கேட்காமலேயே, செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அன்று சாயங்காலம் அவள் மைதானத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனாள். எல்லாரும் வந்திருந்தார்கள், முட்டி வலிக்காரியும் விருந்தாளிக்காரியும் உட்பட. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள். "நாங்க எல்லாம் உனக்குத்தான்டி போட்டோம். வெளித் தெருக்காரங்கதான் கவுத்துட்டாங்க" என்றாள் பேக்கரிக்காரம்மா. பேரப்பிள்ளை தலைமேல் சத்தியம் செய்தாள். டீச்சர், "மெஷின்லயே ஏதோ பண்ணிட்டாங்க" என்றாள். இருபத்து மூன்று பேரும் போட்டார்கள். ஓட்டு ஒன்பது.

அன்றிலிருந்து நடப்பது நரகமாகிவிட்டது. முன்னால் போகிற முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். இவளா, அவளா? காய்ச்சலில் இவள் குழந்தைக்கு வீடு தேடிப் போய் ரத்தம் எடுத்தேனே, இவள் போட்டிருப்பாள். இவள் வீட்டுக்காரர் வாகன நிறுத்தம் கட்டப்போகிற கண்ட்ராக்டரிடம் மேஸ்திரி, இவள் போட்டிருக்க மாட்டாள். மனசுக்குள் ஒன்பது பேரைப் பொறுக்குவாள், அழிப்பாள், மறுபடி பொறுக்குவாள். சிலநாள் ஒன்பது பேர்கூடத் தேறவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் பேக்கரிக்காரம்மா வெறும் வயிற்றோடு வந்து கையை நீட்டினாள். ஊசியக்கா பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தட்டினாள், ஊசியை ஏற்றும்போது வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டாள்.

"யாருக்குப் போட்டீங்க?"

பேக்கரிக்காரம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். குப்பி நிறைந்தது, ஊசி வெளியே வந்தது, பஞ்சு அமுங்கியது. அதற்கப்புறம்தான், "உனக்குத்தான்" என்றாள்.

"தெரியும்" என்றாள் ஊசியக்கா. ஸ்டிக்கரில் பெயரை எழுதி ஒட்டினாள்.

மூன்றாவது வாரம் தையற்காரி சொன்னாள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டுகிற இடத்தில், மற்றவர்களை முன்னால் போகவிட்டு, ஷூ நாடாவைக் கட்டுவது போலக் குனிந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் உனக்குப் போடல."

ஊசியக்கா நின்றாள்.

"கவுன்சிலர் என் கடைக்கு வந்தாரு. கடைசி வாரத்துல. டீ வாங்கிக் கொடுத்தாரு. பிளாட்பாரத்துல கடை இருக்கறது சட்டப்படி தப்பு, ஆனா நான் இருக்கற வரைக்கும் ஒருத்தனும் தொட மாட்டான்னாரு. தையல் மெஷின் மேல கையை வச்சு, ஓட்டு உங்களுக்குத்தான்னு சொல்லுன்னாரு. சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் மாத்திப் போட மனசு வரலக்கா. அது எனக்குச் சோறு போடற மெஷின்."

"ம்."

"இன்னொண்ணும் நினைச்சேன். உனக்குத்தான் மீதி இருபத்து ரெண்டு பேர் இருக்காங்களே, என் ஒருத்தி ஓட்டுல என்ன ஆகப்போகுதுன்னு. எல்லாரும் அதையே நினைச்சிருப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? என்னைத் திட்டு. ரெண்டு அறை அறை. சொல்லாம உன்கூட நடக்க முடியல."

ஊசியக்கா திட்டவில்லை. அறையவும் இல்லை. "சரி" என்றாள். ரயிலைப் பிடிக்க வேகமாக நடந்தாள். தையற்காரி நாடாவைக் கட்டி முடித்து எழுந்திருப்பதற்குள் இவள் முன் வரிசையில் டீச்சர் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் தையற்காரியோடு அவள் பேசவில்லை. பேக்கரிக்காரம்மாவோடு பேசினாள், சிரித்தாள். டீச்சரோடு பேசினாள். பொய் சொன்ன பதிமூன்று பேரோடும் வரிசை கட்டி நடந்தாள். யார் அந்தப் பதிமூன்று என்று தெரியாததால் எல்லாரையும் மன்னிக்க வேண்டியிருந்தது. தெரிந்தது ஒருத்தியைத்தான். இருந்த கசப்பு அத்தனையும் அந்த ஒருத்தி தலையில் இறங்கியது. இது நியாயம் இல்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு நாளும் தெரிந்தேதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தையற்காரி பத்து நாள் பின்னாலேயே தனியாக நடந்துவிட்டு, பதினோராம் நாள் வரவில்லை.

அந்த வருடமே மேற்குப் பாதியை வளைத்துத் தகரம் அடித்தார்கள். யாரும் மனு எழுதவில்லை. எழுதினால் முதல் கையெழுத்து யார் போடுவது? மிச்சப் பாதியில் கவுன்சிலர் வண்ண ஓடு பதித்து ஒரு நடைபாதை போட்டுக் கொடுத்தார். பெஞ்சுகள் வந்தன, முதுகில் அவர் பெயரோடு. நடப்பவர்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தார். அவர் புரவலர், டீச்சர் செயலாளர். மஞ்சள் டி-சர்ட் வந்தது.

"உனக்கு எக்ஸ்.எல். சைஸ் எடுத்து வச்சிருக்கேன்" என்று டீச்சர் நீட்டினாள். "முகத்தை அப்படி வச்சுக்காதே. உள்ள இருந்தாத்தானே ஏதாவது செய்ய முடியும்? நீயே சொன்னதுதானே?"

"நான் சொல்லல. பேக்கரிக்காரம்மா சொன்னாங்க."

"யார் சொன்னா என்ன? போட்டுக்கோ. போட்டோ எடுக்கறாங்க."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பி வெளியே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, அல்லது கூப்பிட்டது காதில் விழவில்லை. அதோடு மைதானம் முடிந்தது.

சங்கம் மட்டும் வளர்ந்தது. இருபத்து நாலு அறுபதானது. கவுன்சிலருடைய கட்சிக்கூட்டத்துக்கு வேன் வரும். மஞ்சள் சட்டைகள் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். கட்சிப் பேச்சு கூடாது என்று சட்டம் போட்டவள் மைக்கில் நன்றி உரை சொன்னாள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது, சீட்டு கொடுப்பது, வயதானவர்களை ஓட்டுப் போடக் கூட்டிப் போவது எல்லாம் சங்கம்தான். முன்னே மனுவோடு நின்றுகொண்டே இருந்த வார்டு அலுவலகத்தில் இப்போது இவர்களுக்கென்று நாலு நாற்காலி. அவர்கள் ஒன்றும் கேட்கப் போவதில்லை, சொன்னதைச் செய்யப் போகிறார்கள். வீட்டில் ஒருவர் சொன்னதற்குப் போட்டவர்கள் இப்போது இன்னொருவர் சொன்னதற்கு ஊர்வலம் போகிறார்கள் என்று ஊசியக்கா நினைத்தாள். ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்க அவளுக்குப் பக்கத்தில் நடக்கிற ஆள் இல்லை.

கொஞ்ச நாள் தனியாகப் புறவழிச் சாலையில் நடந்தாள். லாரிப் புழுதியும் நாயும்தான் துணை. பேசாமல் நடந்தால் ஒரு சுற்றுக்கே கால் கடுத்தது. விட்டுவிட்டாள். சர்க்கரை முந்நூறைத் தொட்டது. மாத்திரை போதாமல் இன்சுலின் எழுதினார்கள். ஊரெல்லாம் குத்திய கை, தினம் காலையில் தன் வயிற்றைத் தானே குத்திக்கொண்டது. அதில் வலித்தது.

இரண்டாம் வருடம் பேருந்து நிறுத்தத்துப் பிளாட்பாரக் கடைகளை எடுத்தார்கள். வாகன நிறுத்தம் திறக்கப்போகிறது, வண்டிகள் திரும்ப இடம் வேண்டுமாம். மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து ஊசியக்கா வெளியே வந்தபோது, ஒரு இயந்திரம் தகரப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி லாரியில் போட்டுக்கொண்டிருந்தது. தையற்காரி தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தையல் மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தாள். காலடியில் ஜிப்புகள் சிதறிக் கிடந்தன. யாரோ இரண்டு பேர் கவுன்சிலருக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். எடுக்கவில்லை.

தையற்காரி நிமிர்ந்தாள். சாலைக்கு இந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை.

பதினைந்து அடிதான். போய் அந்த மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்திருக்கலாம். ஊசியக்காவுக்குள் ஏதோ ஒன்று, உனக்கு நல்லா வேணும் என்றது. அந்த நேரம் பார்த்துப் பேருந்து வந்து நின்றது. வீடு இரண்டு நிறுத்தம்தான். எப்போதும் நடந்தே போகிறவள் அன்று அதில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த மாதம் தையற்காரி மகனிடம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள்.

அதன் பிறகு அடுத்த வார்டு தேர்தல் வரை ஒன்றும் நடக்கவில்லை என்றே சொல்லலாம். மகள் வேலைக்குப் போனாள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்று, தானும் நடக்க வேண்டும் என்று மஞ்சள் சட்டை வாங்கிக்கொண்டார். தேர்தல் அறிவிப்பு வந்த வாரம், பேக்கரிக்காரம்மாவும் இன்னொருத்தியும் வாசலில் வந்து அவளுடைய வாக்காளர் சீட்டை நீட்டினார்கள். "நம்ம சங்கத்துல இருந்து. மறக்காம வந்துடு, என்ன" என்றாள் பேக்கரிக்காரம்மா, பழைய பாசம் ஒரு துளியும் குறையாமல். ஊசியக்கா வாங்கிக்கொண்டாள். "முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் மகள் யார் யாரையோ விசாரித்துத் தையற்காரியின் நம்பரை வாங்கி வந்திருந்தாள். கேட்காமலேயே அழுத்தி, போனை அம்மா கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"யாரு?"

"நான்தான்."

மறுமுனையில் எங்கோ தண்ணீர் விழுகிற ஓசை கேட்டது. குழாயை யாரோ மூடினார்கள்.

"அக்கா. நல்லா இருக்கியா? சர்க்கரை எவ்வளவு?"

"இருக்கு. உனக்கு முதுகு?"

"அப்படியேதான். இங்க நடக்க இடம் இல்லக்கா. நாலாவது மாடி. மொட்டை மாடியில தொட்டியைச் சுத்தி நடக்கறேன். பதினெட்டு அடி வச்சா ஒரு சுத்து. தலை சுத்துது."

"தைக்கறியா?"

"மெஷின் கட்டிலுக்கு அடியில இருக்கு. மருமகளுக்குச் சத்தம் ஆகாது." சிரித்தாள். "அங்க தேர்தல் வருதாமே. டி.வி.யில சொன்னாங்க."

"ஆமா. நீ அங்க பட்டியல்ல பேர் சேர்த்துட்டியா?"

"இல்ல."

"சேர்த்துக்கோ. மகனைக் கூட்டிட்டுப் போ. மனு கொடுத்தா ரசீது எண் வாங்கிக்கோ."

"எதுக்குக்கா?" என்று கேட்டாள் தையற்காரி. குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

ஊசியக்கா பதில் தேடினாள். நாலைந்து வருடத்துக்கு முன்னால் அவளிடம் இதற்குப் பத்துப் பதில் இருந்தது. அன்றைக்கு நடந்ததைப் பற்றி, பேருந்தில் ஏறிப்போனதைப் பற்றிச் சொல்லவும் வாய் வரை வந்தது. போனில் முகம் தெரியாது, சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் காலடிச் சத்தம் இல்லாமல் அவளுக்கு அந்த மாதிரிப் பேச்சு வரவில்லை.

"மாத்திரையை நேரத்துக்குப் போடு" என்றாள். "வெயில் தாழ்ந்த அப்புறம் நட."

"சரிக்கா" என்றாள் தையற்காரி.

இருவருமே கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை. அப்புறம் வைத்தார்கள்.